வரத்துப் படிவத்தை நம் கைக்குக் கொண்டுவருவது: ட்ரூபல் நிர்வாகப் படிவங்களில் ஹூக் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

நீடாமங்கலம் பக்கம் ஒரு உழவர் குழுவுக்கு இணையதளமும், அதன் பின்னால் நெல் வரத்துப் பதிவேடும் ட்ரூபல் என்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்பில் செய்து கொடுத்தேன். உழவர், ஊர், பருவம், ரகம், சிப்பம், ஈரப்பதம், தேதி என்று எல்லாவற்றுக்கும் புலம் வைத்துச் சோதித்துப் பார்த்து ஒப்படைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அலுவலகத்தில் பதிவு போடும் அக்கா போன் செய்தார்.

"தம்பி, இதுல எதைத் தொட்டா எது போவுதுன்னே தெரியலை. நெல்லு பதியற எடத்துல 'முகப்பில் காட்டு'ன்னு ஒண்ணு எதுக்கு? தெரியாம அமுக்கிட்டேன். இப்ப வெப்சைட்டைத் தெறந்தா ஒருத்தரோட நெல்லுக் கணக்கு மொதல்ல நிக்குது."

அக்கா மேல் தப்பில்லை. உள்ளடக்க மேலாண்மை அமைப்பு எதுவானாலும் அது தரும் படிவம் பத்திரிகைக்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நெல் குழுவுக்கும் ஒரே அளவில் தைத்த சட்டைதான். அதை ஆளுக்குத் தக்கபடி பிடித்துத் தைப்பது நம் வேலை. ட்ரூபலில் அந்த வேலைக்கான கருவி ஹூக்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இன்னொரு தளத்தில், எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் ட்ரூபலின் மூலக் கோப்புக்குள்ளேயே புகுந்து நாலு வரியை மாற்றி வைத்திருந்தார். அடுத்த பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தபோது அத்தனையும் வாய்க்காலில் போட்ட மண் அணை மாதிரி கரைந்துபோனது. மூலக் கோப்பைத் தொடவே கூடாது. ஹூக் என்பது ட்ரூபல் தானே திறந்து வைத்திருக்கும் மதகு. படிவத்தைக் கட்டி முடித்து, திரையில் காட்டுவதற்கு முன்னால், "யாருக்காவது இதில் மாற்ற ஏதாவது இருக்கிறதா?" என்று ஒவ்வொரு மாட்யூலையும் (ட்ரூபலோடு சேர்க்கும் துணை நிரலையும்) அது கேட்கும். நம் மாட்யூல் அப்போது கை தூக்கினால் போதும்.

எழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிரலில் வரும் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், அடிக்கோட்டுடன் அடிக்க வேண்டும். பி.எச்.பி. மொழி தமிழ் எழுத்தில் மாறிப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். ஆனால் ட்ரூபலின் புலப் பெயர்கள் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு ஆகிய மூன்றைத்தான் ஏற்கும்.

வேர்ட்பிரஸ் பழகியவர்களுக்கு ஹூக் புதிதல்ல. அங்கே ஆக்ஷன், ஃபில்டர் என்று இரண்டு வகை. ஆனால் 2018-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து அங்கே எழுதும் பக்கம் பெரும்பாலும் உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்டில் ஓடுகிறது. சர்வர் பக்கத்து ஹூக்கால் அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு புலத்தையும் பிடித்துத் திருப்ப முடியாது. ட்ரூபலில் நிர்வாகப் படிவம் முழுக்க சர்வரில் ஒரு பெரிய அரேயாக, அதாவது சாவியும் மதிப்புமான அடுக்காக, கட்டப்படுவதால் எந்த மூலையையும் எட்டலாம். பெரிய வசதி, அதே அளவு ஆபத்து. கீழே வருவது ட்ரூபல் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

ஹூக்குக்கு முன்னால்: அழுத்தி மாற்றக்கூடியதை அழுத்தியே மாற்றுங்கள்

கேட்க ஏமாற்றமாக இருக்கலாம். அக்காவின் புகாரில் பாதி, ஒரு வரி நிரல் இல்லாமலே தீர்ந்தது. ஸ்ட்ரக்சர், அதற்குள் கன்டென்ட் டைப்ஸ், நம் வகைக்கு எதிரே மேனேஜ் ஃபார்ம் டிஸ்ப்ளே. அங்கே 'முகப்பில் காட்டு', 'பட்டியலின் மேலே நிறுத்து', எழுதியவர், எழுதிய நேரம், பக்க முகவரி எல்லாம் தனித்தனி வரிசையாக இருக்கும். வேண்டாததை இழுத்து டிசேபிள்ட் பகுதியில் போட்டால் படிவத்திலிருந்து மறைந்துவிடும். மேலே, கீழே நகர்த்துவதும் அங்கேயே முடியும். எண் புலத்தின் கீழ் எல்லை, மேல் எல்லையைப் புலத்தின் அமைப்பிலேயே வைக்கலாம். ஈரப்பதத்துக்கு 0 முதல் 100 என்று வைத்ததுமே, ஈரப்பதக் கட்டத்தில் 240 சிப்பம் என்று அடிக்கும் பிழை நின்றது.

இங்கே செய்ய முடிந்ததை நிரலில் எழுதுபவர், ஆறு மாதம் கழித்து 'இந்தப் புலம் எங்கே போனது' என்று தானே தேடுவார். நான் தேடியிருக்கிறேன்.

மாட்யூலின் எலும்புக்கூடு

மாட்யூல்ஸ் என்ற அடைவுக்குள் கஸ்டம் என்று ஒன்று, அதற்குள் நம் மாட்யூலின் பெயரில் ஒன்று. நான் வைத்த பெயர் நெல்_படிவம். அதற்குள் இரண்டு கோப்புகள் போதும். ஒன்று, நெல்_படிவம்.இன்ஃபோ.ஒய்எம்எல். இதில் மாட்யூலின் பெயர், 'டைப்' என்பதற்கு எதிரே 'மாட்யூல்', எந்த ட்ரூபல் பதிப்புகளுக்குப் பொருந்தும் என்ற வரி ஆகிய மூன்றும் இருந்தால் ட்ரூபல் ஏற்றுக்கொள்ளும். மற்றது நெல்_படிவம்.மாட்யூல். ஹூக் ஃபங்ஷன்களின் இடம் இதுதான்.

ஒய்எம்எல் கோப்பில் டேப் விசையைப் பயன்படுத்தாதீர்கள், இடைவெளி மட்டும்தான். முதல் நாள் எல்லோரும் இடறும் கல் இது.

படிவத்தின் அடையாளப் பெயர்

ஒவ்வொரு படிவத்துக்கும் ஓர் அடையாளப் பெயர் உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி: படிவப் பக்கத்தை உலாவியில் திறந்து, பக்க மூலத்தில் ஃபார்ம்_ஐடி என்று தேடுங்கள். மறைந்திருக்கும் ஓர் உள்ளீட்டில் அந்தப் பெயர் அப்படியே இருக்கும். அதன் அருகிலேயே தெரியும் எச்.டி.எம்.எல். ஐடியை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் அடிக்கோட்டுக்குப் பதில் சிறுகோடு வரும், ஹூக் வேலை செய்யாது, ஏன் என்றும் சொல்லாது.

என் உள்ளடக்க வகையின் பெயர் வரத்து. நோட் என்பது உள்ளடக்கப் பதிவுக்கு ட்ரூபல் வைத்த பெயர். புதிதாகப் பதியும் படிவத்தின் பெயர் நோட்_வரத்து_ஃபார்ம். பதிந்ததைத் திருத்தும் படிவத்தின் பெயர் நோட்_வரத்து_எடிட்_ஃபார்ம். கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் பெயர் இரண்டு! நான் முதலில் ஒன்றுக்கு மட்டும் ஹூக் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அக்கா ஒரு பதிவைத் திருத்தப் போனபோது பழைய முகம் எட்டிப் பார்த்தது.

ஹூக்கில் மூன்று அளவு இருக்கிறது. ஹூக்_ஃபார்ம்_ஆல்டர் தளத்தில் எந்தப் படிவம் கட்டப்பட்டாலும் ஓடும். தேடல் பெட்டிக்கும் ஓடும். ஹூக்_ஃபார்ம்_நோட்_ஃபார்ம்_ஆல்டர் எல்லா உள்ளடக்க வகைகளின் பதியும், திருத்தும் படிவங்களுக்கும் ஓடும். நடுவில் வரும் நோட்_ஃபார்ம் என்பது அந்தக் குடும்பத்தின் அடிப்பெயர். மூன்றாவது, நடுவில் முழு அடையாளப் பெயரையே வைத்து எழுதுவது. அந்த ஒரே படிவத்துக்கு மட்டும் ஓடும். ஒரு மாட்யூலுக்குள் இவை பொதுவிலிருந்து குறிப்புக்கு, இதே வரிசையில் ஓடும். அப்புறம்தான் அடுத்த மாட்யூலின் முறை.

என் பழக்கம் நடு அளவு. ஃபங்ஷன் பெயரில் 'ஹூக்' என்ற சொல்லுக்குப் பதில் மாட்யூலின் பெயரைப் போட வேண்டும். ஆக அது நெல்_படிவம்_ஃபார்ம்_நோட்_ஃபார்ம்_ஆல்டர் ஆகிறது. அதற்கு வரும் மூன்று பொருட்கள்: படிவ அரே, படிவ நிலை (அந்த நேரத்தில் படிவத்தில் நிரப்பியிருக்கும் மதிப்புகளை வைத்திருப்பது), அடையாளப் பெயர். படிவ அரேக்கு முன்னால் & குறி கட்டாயம். அது இல்லாவிட்டால் நகலைத்தான் திருத்திக்கொண்டிருப்பீர்கள். உள்ளே முதல் வரியிலேயே, வந்திருப்பது வரத்து வகையா என்று பார்த்துவிட வேண்டும்: படிவ நிலையிடம் கெட்ஃபார்ம்ஆப்ஜெக்ட், அதனிடம் கெட்என்டிட்டி (பதியப்படும் பதிவைத் தரும்), அதனிடம் பண்டில் (அதன் உள்ளடக்க வகையைச் சொல்லும்). வரத்து இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து செய்திப் பக்கம் எழுதுபவரின் படிவம் கோணலாகப் போகாமல் இருக்க இந்த ஒரு வரிதான் காப்பு.

எழுதியாயிற்று, ஒன்றும் மாறவில்லையா? கேஷை, அதாவது ட்ரூபல் வேகத்துக்காக எடுத்து வைத்திருக்கும் நகலை, துடையுங்கள். புது ஹூக் ஃபங்ஷன் சேர்ந்தால் அது ட்ரூபலுக்குத் தெரிய கேஷ் புதுப்பிக்கப்பட வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ஃபங்ஷனின் உள்ளே மாற்றினால் வேண்டாம். கட்டளை வரியில் ட்ரஷ் என்ற கருவி வழியாக: ட்ரஷ் சி.ஆர். "சி.ஆர். அடிச்சிட்டேன், இப்ப பாருங்க" என்று நான் போனில் சொன்னதும் அக்கா கேட்டார்: "1009ஆ?" இந்தப் பக்கத்தில் சி.ஆர். என்றால் பொன்மணி நெல்தான்.

அரேக்குள் வழி தெரிந்து நடப்பது

நேரம் அதிகம் வீணாவது இங்கேதான். படிவ அரே வெங்காயம் மாதிரி, உரிக்க உரிக்க உள்ளே இன்னொன்று. முழு அரேயையும் ஒரேயடியாக அச்சிட்டால் உலாவி மூச்சுத் திணறும். முதல் அடுக்கின் சாவிகளை மட்டும் அச்சிடுங்கள், தேவையான புலத்தைக் கண்டதும் அதற்குள் ஓர் அடுக்கு, இப்படியே இறங்குங்கள். டெவல் என்ற மாட்யூல் இருந்தால் இன்னும் எளிது. நேரடித் தளத்தில் மட்டும் அதை வைக்காதீர்கள்.

புலத்தின் தலைப்பை மாற்றினேன், மாறவில்லை என்று பலர் திகைப்பார்கள். காரணம், கண்ணில் தெரியும் கட்டம் அரேயின் மேலடுக்கில் இல்லை. எண் புலமோ ஒற்றை வரிப் புலமோ ஆனால் வழி இப்படிப் போகும்: ஃபார்ம் → ஃபீல்டு_ஈரப்பதம் → விட்ஜெட் → 0 → வேல்யூ. தட்டத் தட்டப் பெயர் காட்டும் குறிப்புப் புலமானால், கடைசியில் வேல்யூவுக்குப் பதில் டார்கெட்_ஐடி. கீழிறங்கு பட்டியலானால் 0 என்ற அடுக்கே கிடையாது, விட்ஜெட்டோடு நின்றுவிடும். இந்த மூன்று வழிகளையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். ஹூக் எழுதுவதில் பாதி அதுதான்.

# குறியோடு தொடங்கும் சாவிகள் பண்புகள், குறி இல்லாதவை உள்ளே இருக்கும் பிள்ளைகள். #டைட்டில் தலைப்பு, #டிஸ்கிரிப்ஷன் கீழே வரும் விளக்கம், #வெயிட் வரிசை இடம், #ரெக்வயர்ட் கட்டாயம், #டிஃபால்ட்_வேல்யூ முன்கூட்டி நிரப்பிய மதிப்பு.

விளக்கத்தை அலட்சியமாக நினைக்காதீர்கள். நான் முதலில் 'மூட்டைகள்' என்று தலைப்பு வைத்திருந்தேன். மூட்டை என்றால் ஆளுக்கு ஓர் எடை. கொள்முதல் நிலையக் கணக்கில் சிப்பம் 40 கிலோ. தலைப்பை '40 கிலோ சிப்பம்' என்று மாற்றி, விளக்கத்தில் 'வியாபாரி மூட்டைக் கணக்கைப் போட வேண்டாம்' என்று சேர்த்த பிறகுதான் எடைக் கணக்கு நேரானது. நிரலின் பார்வையில் இரண்டே சரங்கள். ஆனால் இந்த மாட்யூலில் அதிகப் பலன் தந்தது இதுதான்.

முன்கூட்டி நிரப்புவதில் ஒரு சின்ன நெளிவு. பருவத்தைத் தேதியை வைத்து நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன்: செப்டம்பர், அக்டோபரில் வந்தால் குறுவை, பொங்கலை ஒட்டி வந்தால் சம்பா, அதற்கும் பின்னால் தாளடி. ஆனால் மேட்டூர் திறப்பு வழக்கப்படி ஜூன் 12 என்றாலும் 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. பருவம் அதற்கேற்ப நகரும். ஆகவே நிரப்பி மட்டும் வைத்தேன், பூட்டவில்லை. அதுவும் புதிய பதிவுக்கு மட்டும். என்டிட்டியிடம் இஸ்நியூ என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் பழைய பதிவைத் திருத்தத் திறந்ததும் சேமித்த பருவத்தை உங்கள் ஊகம் அழித்துவிடும்.

மறைப்பது என்றால் உண்மையாக மறைப்பது

விலை முடிவு செய்யும் புலம் செயலாளருக்கு மட்டும் தெரிய வேண்டும் என்றார்கள். சி.எஸ்.எஸ். போட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது மறைப்பு ஆகாது. பக்க மூலத்தில் அது அப்படியே இருக்கும், தெரிந்தவர் மதிப்பை மாற்றியும் அனுப்பலாம். புல வகையை ஹிட்டன் ஆக்கினாலும் அதே கதை. சரியான வழி #ஆக்சஸ். அதற்கு ஃபால்ஸ் கொடுத்தால் புலம் பக்கத்துக்கே வராது, இந்தப் படிவம் வழியாக யார் அனுப்பினாலும் ட்ரூபல் ஏற்காது, ஏற்கெனவே சேமித்த மதிப்பும் பத்திரமாக இருக்கும்.

யாருக்கு என்பதைப் பயனர் பெயரை வைத்தோ பொறுப்பின் பெயரை வைத்தோ சோதிக்காதீர்கள். மாட்யூலில் ஓர் அனுமதியை அறிவித்து, ஹேஸ்பெர்மிஷன் என்று கேளுங்கள். நாளை செயலாளர் மாறினால் நிரலைத் தொட வேண்டியதில்லை.

அரிதாகப் பயன்படும் புலங்களை மறைக்கத் தேவையில்லை, ஒதுக்கினால் போதும். டீடெய்ல்ஸ் வகையில் ஒரு பெட்டி செய்து, அதன் #குரூப்பில் அட்வான்ஸ்டு என்று கொடுத்தால் அது வலப்பக்கப் பட்டைக்குப் போகும். ஒதுக்க வேண்டிய புலத்தின் #குரூப்பில் அந்தப் பெட்டியின் பெயரைக் கொடுத்தால் புலம் பெட்டிக்குள் போய் உட்காரும்.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று விரிவது

'களத்தில் உலர்த்தியது' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் மட்டும் 'உலர்த்திய நாட்கள்' தெரிய வேண்டும். இதற்கு #ஸ்டேட்ஸ். உலர்த்திய நாட்கள் புலத்தின் மேலடுக்கில் இதை வைத்து, 'இந்தப் பெயருள்ள உள்ளீடு டிக் ஆகியிருந்தால் தெரியட்டும்' என்று சொல்ல வேண்டும். உள்ளீட்டின் பெயரை ஊகிக்காமல் பக்க மூலத்திலிருந்து எடுங்கள். டிக் கட்டத்துக்கு ஒரு மாதிரி, எண் புலத்துக்கு வேறு மாதிரி அடைப்புக்குறிகள் வரும்.

இரண்டு எல்லைகளை நினைவில் வைக்க வேண்டும். '17-ஐ விட அதிகமானால்' என்பது மாதிரியான ஒப்பீடு #ஸ்டேட்ஸில் கிடையாது. டிக் ஆனதா, காலியா, இன்ன மதிப்பா என்பதோடு சரி. அடுத்து, இது முழுக்க உலாவியில் நடப்பது. #ஸ்டேட்ஸ் மூலம் கட்டாயம் என்று குறித்தால் சிவப்பு நட்சத்திரம் வருமே தவிர, காலியாக விட்டாலும் சர்வர் வாங்கிக்கொள்ளும். நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாறாமல் சரிபார்ப்பைத் தனியாக எழுதுங்கள்.

சரிபார்ப்பு: 17 என்ற எண் எங்கே இருக்க வேண்டும்

படிவ அரேயின் #வேலிடேட் பட்டியலில் உங்கள் ஃபங்ஷன் பெயரைச் சேர்த்தால் 'சேமி' அழுத்தும்போது அது ஓடும். படிவ நிலையிடமிருந்து மதிப்பை எடுத்து, பிடிக்கவில்லையென்றால் செட்எரர்பைநேம் மூலம் பிழையை அந்தப் புலத்தின் மேலேயே வைக்க வேண்டும். பிழைச் செய்தியை மனிதருக்கு எழுதுங்கள். 'செல்லாத மதிப்பு' என்றால் அக்கா எனக்குத்தான் போன் செய்வார். 'ஈரப்பதம் 19 என்று இருக்கிறது, வரம்பு 17. இன்னும் உலர்த்த வேண்டும், அல்லது எண்ணைச் சரிபார்க்கவும்' என்றால் செய்ய மாட்டார்.

17 விழுக்காடு என்பது அரசுக் கொள்முதலின் வழக்கமான ஈரப்பத வரம்பு. இந்தக் குழுவும் அதையே பின்பற்றுகிறது. முதலில் நான் 17 என்று நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டேன். அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் இந்த வரம்பைத் தளர்த்தக் கேட்பதும், மத்திய அரசு தளர்த்துவதும் டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கும் தெரியும், நிரல் எழுதும்போது மட்டும் நினைவில்லை. தளர்வு வந்த அன்று அக்கா எதையும் பதிய முடியாமல் உட்கார்ந்திருக்க, நான் கும்பகோணத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன்.

மாறக்கூடிய எண்ணை நிரலில் வைக்காதீர்கள், ஒரு சின்ன அமைப்புப் பக்கத்தில் வையுங்கள். ஆனால் ட்ரூபலில் அதைச் சேமிக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன, தேர்வு முக்கியம். கான்ஃபிகில் வைத்தால், நீங்கள் உங்கள் கணினியிலிருந்து தளத்தின் அமைப்புகளை ஏற்றுமதி செய்து நேரடித் தளத்தில் இறக்கும் ஒவ்வொரு முறையும், அலுவலகம் மாற்றிய எண்ணை உங்கள் பழைய எண் மூடிவிடும். ஸ்டேட்டில் வைத்தால் அது அந்தத் தளத்தோடே இருக்கும். அலுவலகத்தார் அடிக்கடி மாற்றும் எண்ணுக்கு ஸ்டேட்தான் சரி என்பது என் கட்சி.

சேமிக்கும்போது கூடுதல் வேலை

படிவ அரேயின் #சப்மிட்டில் ஃபங்ஷனைச் சேர்த்துவிட்டு, ஓடவே இல்லையே என்று நான் ஒரு மத்தியானம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். உள்ளடக்கப் படிவத்தில் 'சேமி' பொத்தானுக்கே சொந்தமாக ஒரு #சப்மிட் பட்டியல் இருக்கிறது. பொத்தானுக்குச் சொந்தப் பட்டியல் இருந்தால் படிவத்தின் பட்டியலை ட்ரூபல் பார்ப்பதில்லை. ஆகவே ஃபார்ம் → ஆக்ஷன்ஸ் → சப்மிட் → #சப்மிட் என்ற இடத்தில் சேருங்கள். கடைசியில் சேர்த்தால், பதிவு சேமித்து முடிந்த பிறகு ஓடும். வரிசை எண்ணை எடுத்து ரசீதுப் பக்கத்துக்கு அனுப்புவது போன்ற வேலைகளுக்கு ஏற்றது.

சிப்பத்தை 40-ஆல் பெருக்கி மொத்தக் கிலோவை நிரப்புவது போன்ற கணக்கை இங்கே வைக்காதீர்கள். அது, பதிவு சேமிக்கப்படுவதற்குச் சற்று முன் ஓடும் ஹூக்_நோட்_ப்ரீசேவ் என்ற வேறு ஹூக்கில் இருக்க வேண்டும். காரணம் கொஞ்சம் கீழே வருகிறது.

பருவம் மாறினால் ரகப் பட்டியல் மாறுவது

குறுவை என்றால் ஏ.டி.டி. 43 மாதிரியான குறுகிய காலத்து ரகங்கள், சம்பா என்றால் சி.ஆர். 1009 மாதிரி ஐந்து மாதத்துக்கு மேல் நிற்பவை. பருவத்தைத் தேர்ந்ததும் ரகப் பட்டியல் அதற்கேற்பச் சுருங்கினால் நன்றாக இருக்கும் அல்லவா? இதற்கு #ஏஜாக்ஸ்: முழுப் பக்கத்தையும் மறுபடி ஏற்றாமல் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் வழி. பருவப் பட்டியலில் அதை வைத்து, மாற்ற வேண்டிய பகுதியின் ஐடியையும், பதில் தரும் கால்பேக் ஃபங்ஷனின் பெயரையும் கொடுக்க வேண்டும்.

இங்கே ஏறக்குறைய எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள்: கால்பேக் ஃபங்ஷனுக்குள் புதுப் பட்டியலைத் திணிப்பது. திரையில் பட்டியல் மாறும், மனம் குளிரும். சேமிக்கும்போது, தேர்ந்த மதிப்பு அனுமதிக்கப்பட்டதல்ல என்று ட்ரூபல் திருப்பி அனுப்பிவிடும். தான் கட்டிய படிவத்தில் இல்லாத மதிப்பு வந்தால் அதை யாரோ கள்ளத்தனமாக அனுப்பியதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். பட்டியலைக் கட்டும் வேலை ஆல்டர் ஃபங்ஷனுக்குள், படிவ நிலையில் இருக்கும் பருவத்தைப் பார்த்து நடக்க வேண்டும். கால்பேக் செய்ய வேண்டியது, கட்டி முடித்த படிவத்திலிருந்து அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக் கொடுப்பது.

சரியாக எழுதி ஓடவும் வைத்தேன். ஒரே வாரத்தில் எடுத்துவிட்டேன். அலுவலகத்து இணைப்பு மெதுவானது. பருவத்தைத் தொட்டுவிட்டு அக்கா சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு சில ரகங்கள் சம்பாவிலும் வருகின்றன, தாளடியிலும் வருகின்றன. பதிலுக்கு ரகப் பட்டியலின் #ஆப்ஷன்ஸை அடுக்கு அரேயாக மாற்றினேன். குறுவை என்ற தலைப்பின் கீழ் சில, சம்பா - தாளடி என்ற தலைப்பின் கீழ் சில, கருப்புக் கவுனி, தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா எல்லாம் பாரம்பரியம் என்ற தலைப்பின் கீழ். ட்ரூபல் இதைத் தலைப்பிட்ட குழுக்களாகவே காட்டும். ஏஜாக்ஸும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம்.

படிவம் முன்வாசல் மட்டும்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்பு, கணக்கு எல்லாம் படிவ ஹூக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. ஒருநாள் குழுவினர் கிராமத்தில் எழுதிய எக்செல் கணக்கை மொத்தமாக உள்ளே ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். ஈரப்பதம் 21, 22 என்று இருந்த வரிகளும் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டன. மொத்தக் கிலோ புலம் எல்லாவற்றிலும் காலி. படிவ ஹூக் படிவத்துக்கு மட்டுமே காவல். இறக்குமதி, ஜேசன் ஏபிஐ (வெளிச் செயலிகள் தரவை அனுப்பும் வாசல்) வழியாக வரும் மொபைல் செயலி, இன்னொரு மாட்யூலின் நிரல், இவை எதுவும் படிவத்தின் பக்கமே வருவதில்லை. தலைமதகைப் பூட்டிவிட்டு, கரையில் இருக்கும் உடைப்பைப் பார்க்காத கதை.

ஆகவே அக்காவின் வேலையை எளிதாக்குவதெல்லாம் படிவ ஹூக்கில் இருக்கட்டும்: தலைப்பு, விளக்கம், வரிசை, விரிவது, மறைவது, முன்னிரப்பு. தரவைக் காப்பது எல்லாம் ஓர் அடுக்குக் கீழே போக வேண்டும். கணக்கு ப்ரீசேவ் ஹூக்குக்கு. யார் எந்த வழியில் சேமித்தாலும் அது ஓடும். வரம்புச் சோதனை கன்ஸ்ட்ரெயின்ட்டுக்கு, அதாவது புலத்தோடே ஒட்டியிருக்கும் விதிக்கு. ஹூக்_என்டிட்டி_பண்டில்_ஃபீல்டு_இன்ஃபோ_ஆல்டர் என்ற நீளமான பெயருள்ள ஹூக்கில் அந்தப் புலத்தைப் பிடித்து, ஆட்கன்ஸ்ட்ரெயின்ட் மூலம் நம் விதியைச் சேர்க்கலாம். எண் ஸ்டேட்டிலிருந்து வர வேண்டும் என்பதால் விதியைத் தனி பிளகின்னாக எழுத வேண்டியிருக்கும்; இரண்டு சின்ன கிளாஸ்கள். சேர்த்ததும் படிவமும் ஜேசன் ஏபிஐயும் அதே விதியைச் சோதிக்கும், படிவத்தில் பிழை அந்தப் புலத்தின் மேலேயே தெரியும். பழைய #வேலிடேட் ஃபங்ஷனைத் தூக்கி எறிந்துவிடலாம்.

முழுக் காவல் என்று அப்போதும் நம்பிவிடாதீர்கள். நிரலில் நேரடியாகச் சேவ் என்று அழைத்தால் ட்ரூபல் விதிகளைச் சோதிப்பதில்லை. அதற்கு முன்னால் வேலிடேட் என்று நீங்கள்தான் அழைக்க வேண்டும். மைக்ரேட் என்ற இறக்குமதி மாட்யூல் வழியாக ஏற்றினால் சேருமிடத்தின் அமைப்பில் வேலிடேட் என்பதற்கு ட்ரூ கொடுக்க வேண்டும்.

இன்னும் சில இடறல்கள்

நீங்கள் மாற்றியதை இன்னொரு மாட்யூல் திரும்ப மாற்றலாம். மாட்யூல்கள் எடை வரிசையில், எடை சமமானால் பெயரின் அகர வரிசையில் ஓடும். தீம் கடைசியில் ஓடும். உங்களுடையது கடைசியாக ஓட வேண்டுமானால் எடையைக் கூட்டுங்கள். ஆல்டர் நேரத்தில் அரேயில் இல்லாத ஒன்று திரையில் மட்டும் இருக்கிறதா? அது #ப்ராசஸ் கட்டத்தில் பின்னால் சேர்ந்தது. #ஆஃப்டர்_பில்டில் ஒரு ஃபங்ஷன் வைத்துப் பிடிக்கலாம்.

ட்ரூபல் 11.1 முதல் ஹூக்குகளை கிளாஸுக்குள்ளும் எழுதலாம். எஸ்ஆர்சி அடைவுக்குள் ஹூக் என்ற அடைவில் ஒரு கிளாஸ், அதன் மெத்தடுக்கு மேலே சதுர அடைப்பில் எந்த ஹூக் என்று அறிவிப்பு. ஸ்டேட் போன்ற சேவைகளை கன்ஸ்ட்ரக்டரிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம், சோதிப்பதும் எளிது. புதிதாகத் தொடங்குபவர் நேராக அங்கேயே தொடங்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய மாட்யூலை இதற்காக மட்டும் பிரிக்கத் தேவையில்லை, பழைய முறையும் ஓடுகிறது.

கடைசியாக, ஹூக்கால் தீராத ஒன்று. அக்காவுக்கு எக்செல் பழக்கம். ஒரு கட்டம் முடிந்ததும் என்டர் தட்டுவார். உலாவியில் என்டர் என்றால் 'அனுப்பு'. பாதிப் படிவத்தோடு ஓடி, பிழைகளோடு திரும்பி வரும். இதற்கு ஜாவாஸ்கிரிப்ட்தான் வேண்டும்; ஆனால் அதைப் படிவத்தோடு கட்டுவது அதே ஆல்டர் ஃபங்ஷன்தான். #அட்டாச்டு என்பதற்குள் லைப்ரரி பட்டியலில் நம் மாட்யூலின் லைப்ரரிப் பெயரைச் சேர்த்தால், அந்தக் கோப்பு இந்தப் படிவத்துக்கு மட்டும் வரும். என்டர் அழுத்தினால் அனுப்புவதைத் தடுத்து, அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும் பத்து வரி எழுதினேன். மறுநாளே போன். ஊர்ப் பெயர் தட்டும்போது கீழே வரும் பட்டியலில் என்டர் அடித்தால் ஊர் விழ மாட்டேன் என்கிறதாம். ஃபார்ம்-ஆட்டோகம்ப்ளீட் என்ற சி.எஸ்.எஸ். பெயருள்ள கட்டங்களை விட்டுவிடும்படி ஒரு நிபந்தனை சேர்த்தேன். "இப்ப வலங்கைமான் விழுது தம்பி" என்றார்.